மகிழ்ச்சி என்னும் விதைநெல்

கத்தோலிக்கப் பள்ளிகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'மகிழ்ச்சி'. கிறிஸ்து பிறப்பு விழாவில் அதைப் பாடுகிறோம். பாஸ்கா விழாவில் அதை முழங்குகிறோம். எந்நாளும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று புனித பவுல், நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைத்த அதே திருத்தூதர், கூறிய அறிவுரையை வண்ண எழுத்துகளில் எழுதி வகுப்பறைச் சுவரில் மாட்டுகிறோம். நல்லதே. ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே அமர்ந்திருக்கும் மாணவியரின் வீடுகளையும் சற்றே நினைத்துப் பார்ப்போம். ஒருத்தியின் வீட்டு வயலில் முற்றிய கதிர் மழையில் சாய்ந்து, கிடந்த கிடையிலேயே முளைவிட்டிருக்கலாம். மற்றொருத்தியின் தாய் நோயுற்று மருத்துவமனையில் படுத்திருக்கலாம். இன்னொருத்தியின் தந்தை வெளிநாட்டில் வேலை இழந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். அந்தச் சிறுமியர் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள்? "இது நமக்குச் சொன்னதன்று, கவலையில்லாதவர்களுக்குச் சொன்னது" என்று எண்ணமாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துன்ப காலத்து மகிழ்ச்சியைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. முதலாவது, துன்பம் தீர்ந்த பிறகுதான் மகிழ்ச்சி வரும் என்பது. கடன் அடையட்டும், நோய் குணமாகட்டும், தேர்வு முடிவு வரட்டும், அப்புறம் மகிழலாம் என்று நாளைக் கடத்துகிறோம். ஒரு கவலை தீர்வதற்குள் இன்னொன்று வாசலில் வந்து நிற்கிறது. இப்படியே வாழ்நாள் கழிந்துவிடுகிறது. இரண்டாவது, விசுவாசம் உள்ளவர் அழக்கூடாது என்பது. இழவு வீட்டிற்குப் போய், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "எல்லாம் தேவசித்தம், அழாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். சொன்னவர் மனம் இலேசாகிறது. கேட்டவர் மனமோ இன்னும் கனக்கிறது.

முதல் எண்ணம் மகிழ்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. இரண்டாவது எண்ணம் மகிழ்ச்சியை நடிக்கச் சொல்கிறது. இரண்டுமே கிறிஸ்தவ மகிழ்ச்சி ஆகா என்பது என் துணிபு.

வயல் கற்பிக்கும் பாடம்

அப்படியானால் கிறிஸ்தவ மகிழ்ச்சி எது? காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு இதை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. நம் வீட்டுக் குதிரும் பத்தாயமும் போதும்.

அறுவடை முடிந்ததும் உழவர் முதலில் செய்யும் வேலை என்ன? நல்ல கதிராகத் தேர்ந்து அடித்து, காயவைத்து, அடுத்த பட்டத்திற்கென்று விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பதன்றோ? வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டார்கள். பசி வந்தால் கடன் வாங்குவார்கள், நகையை அடகு வைப்பார்கள், ஒருவேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்வார்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அன்றைய பசி தீரும். அடுத்த ஆண்டு வயல் தரிசாகும். இந்நாளில் வேளாண்மை அலுவலகத்திலும் கடையிலும் விதை வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. என்றாலும் விதைநெல் என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள மரியாதை குறையவில்லை.

திருப்பாடல்களின் நூலில் 126-ஆம் பாடலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அழுகையோடு விதைக்கச் சென்றவர்கள் பாட்டோடு அரிக்கட்டுகளைச் சுமந்து திரும்புவார்கள் என்பது அதன் கருத்து. விதைப்பவர் ஏன் அழவேண்டும்? பட்டணத்தில் வளர்ந்தவருக்கு இது விளங்காமல் போகலாம். பஞ்ச காலத்தில் வீட்டிலிருக்கும் கடைசிப் படி நெல்லை, பசித்த குழந்தையின் வாய்க்குக் கொடுக்காமல் சேற்றில் தூவுவது எத்தகைய வேதனை என்பது உழவர் குடும்பத்துக்குத் தெரியும். அவர் அழுதுகொண்டே விதைக்கிறார். ஆனாலும் விதைக்கிறார்! அங்கேதான் நம்பிக்கை இருக்கிறது.

மகிழ்ச்சி என்பது துன்பம் முடிந்தபின் கிடைக்கும் அறுவடை என்றே நாம் எண்ணியிருக்கிறோம். விசுவாசமோ அதை விதைநெல் என்கிறது. நல்ல காலத்தில் சேர்த்து வைக்கவேண்டியது. கெட்ட காலத்தில் துணிந்து தூவவேண்டியது. கண்ணீர் வருவதால் கைவிடக் கூடாதது. இதுவே நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து. இனி வருவன எல்லாம் இதற்குச் சான்றுகளே.

இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, துன்பம் வரும்போது நகைத்து அதை எதிர்கொள்ளச் சொன்னார் திருவள்ளுவர். அது திருக்குறளின் 63-ஆம் அதிகாரம். நம் மாணவியர் நன்கு அறிந்தது. அந்த நெஞ்சுரம் போற்றத்தக்கது. கிறிஸ்தவ விசுவாசம் அதனோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. துன்பத்தில் நாம் தனியாக இல்லை. துன்பத்தை அறிந்த ஆண்டவர் ஒருவர் உடன் நிற்கிறார் என்பதே அது. லாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்று புனித யோவான் எழுதியிருக்கிறார். சிறிது நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர் அவரே. இருந்தும் மரியாவோடு சேர்ந்து அழுதார். அழுகை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தல் நலம். அதே இயேசு, பாடுகளுக்கு முந்திய இரவில், இராவுணவு முடிந்ததும் சீடர்களோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் புறப்பட்டார். மறுநாள் சிலுவை என்று தெரிந்தும் பாடினார்! கண்ணீரும் பாட்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாயூரத்து முன்சீப்

"இவையெல்லாம் பரிசுத்த வேதாகமத்தில் நடந்தவை, நம் ஊரில் நடக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

தமிழில் முதல் நாவலை எழுதியவர் யார் என்று கேட்டால் எட்டாம் வகுப்பு மாணவிகூட விடை சொல்லிவிடுவாள்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நூல் பிரதாப முதலியார் சரித்திரம், ஆண்டு 1879. தேர்வுக்கு இது போதும். வாழ்க்கைக்குப் போதாது. அந்த நூலுக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் நாடு எப்படி இருந்தது என்பதையும் அறிந்தால்தான் அவருடைய பெருமை விளங்கும்.

வேதநாயகம் பிள்ளை 1826-இல் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் உள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து, 1857-இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும், நீண்ட காலம் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். இன்றைய மயிலாடுதுறையே அன்றைய மாயூரம். ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைச் சாதாரண மக்களும் புரிந்துகொள்ளவேண்டுமென்று தமிழில் தொகுத்து அச்சிட்டார். 1859-இல் வெளிவந்த தம் நீதிநூலில் கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துத் தனி அதிகாரமே எழுதினார். பெண்கள் கல்வி கற்கவேண்டும் என்று பெண்மதி மாலை முதலியவற்றில் வாதாடினார். இன்று புத்தகப் பையோடு பள்ளிக்கு வரும் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் அவருக்கு நன்றிக்கடன் பட்டவளே.

அவருடைய வாழ்வு மலர்ப்படுக்கையாக இருக்கவில்லை. இல்லற வாழ்வில் துணையை இழக்கும் துயரம் அவருக்கு ஒருமுறை அன்று, பலமுறை வந்தது. 1872-இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் நான்கே ஆண்டுகளில் வந்தது தாது வருடப் பஞ்சம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தின் கொடுமையை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். மழை பொய்த்தது, தானிய விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது, இந்தியா முழுவதிலும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை மாவட்டத்தைவிட வானம் பார்த்த மாவட்டங்களே பெரிதும் அடிபட்டன. ஆனாலும் விலை ஏற்றம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. நிலமற்ற கூலியாளுக்குக் காவிரி ஓடினாலும் கஞ்சி இல்லை.

வேதநாயகர் என்ன செய்தார்? வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபம் மட்டும் செய்யவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். பசித்து வந்தவர்களுக்கு உதவினார். சாதி, சமயம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைக் கண்டு நெஞ்சுருகி, அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். சிவபெருமான் மீது தீராத பக்தி கொண்ட பெரும்புலவர் ஒரு கிறிஸ்தவ முன்சீப்பைப் பாடினார் என்றால், அந்தக் கஞ்சியின் மணம் எவ்வளவு தூரம் வீசியிருக்கவேண்டும்!

இவ்வளவோடு நிற்கவில்லை. பஞ்சத்தின் வெம்மை ஆறாத 1878-ஆம் ஆண்டில் அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்னும் இசைநூல் வெளிவந்தது. எந்தச் சமயத்தவரும் தத்தம் இறைவனை எண்ணிப் பாடக்கூடிய பாடல்கள் அவை. பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளும் அவற்றுள் உண்டு. இறைவனைப் போற்றிக் களிகூரும் கீர்த்தனைகளும் உண்டு. ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன. அடுத்த ஆண்டே பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. படிப்பவரை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நகைச்சுவைக் கதைகள் நிறைந்த நூல் அது! அதன் தலைவி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே நீதியோடு ஆள்கிறாள். எலும்பும் தோலுமாய் மக்கள் மடிந்ததைப் பார்த்த ஒருவருடைய எழுதுகோலிலிருந்து சிரிப்பு வந்தது எப்படி? துன்பத்தை அவர் அறியாததால் அன்று. விதைநெல்லை அவர் தின்றுவிடவில்லை, அதனால்தான்.

இவரிடம் நாம் மூன்று செயல்களைக் காண்கிறோம். இறைவனிடம் வாய்விட்டு அழுதார். பிறர் பசியைத் தன் பசியாக எண்ணி உழைத்தார். பாடவும் சிரிக்கவும் மறக்கவில்லை. இந்த மூன்றில் எது குறைந்தாலும் மகிழ்ச்சி குறைப்பயிராகிவிடும். அழாமல் சிரிப்பவன் நடிகன். உழைக்காமல் செபிப்பவன் சோம்பேறி. பாடாமல் உழைப்பவனோ விரைவில் களைத்துப் போவான்.

செபமாலை சொல்லும் உண்மை

நாம் நாள்தோறும் கையில் ஏந்தும் செபமாலையும் இதையே கற்பிக்கிறது. சந்தோஷ தேவ இரகசியங்கள் ஐந்தையும் நாம் சொல்லி முடித்துவிடுகிறோம். அவற்றுள் எத்தனை துயரம் மறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

முதல் இரகசியத்தில் வானதூதர் வாழ்த்துச் சொல்கிறார். கன்னி மரியாளோ கலங்கி நிற்கிறாள். ஊர் என்ன சொல்லும், சூசையப்பர் என்ன நினைப்பார் என்ற கேள்விகள் அந்த இளம்பெண்ணைச் சூழாமல் இருந்திருக்குமா? இரண்டாவதில், தன் கவலையை ஒதுக்கிவிட்டு, மலைநாட்டில் வயது முதிர்ந்து கருவுற்றிருக்கும் எலிசபெத்தம்மாளுக்கு உதவ விரைகிறாள். அங்கே, அந்த உதவியின் நடுவிலேதான், அவள் உள்ளத்திலிருந்து புகழ்ப்பாடல் பிறக்கிறது. மூன்றாவதில், குழந்தை பிறக்க இடமில்லாமல் மாடடைக் குடிலில் முன்னிட்டிதான் தொட்டில். நான்காவதில், குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்கும் மகிழ்ச்சி வேளையில், உன் உள்ளத்தையும் வாள் ஊடுருவும் என்ற பொருளில் முதியவர் சிமியோன் முன்னறிவிக்கிறார். ஐந்தாவதில், காணாமற்போன மகனை மூன்று நாள் தேடி அலைகிறாள்.

இவற்றைத்தான் திருச்சபை 'சந்தோஷம்' என்று பெயரிட்டு நம் கையில் கொடுத்திருக்கிறது! பெயரிட்டவர்கள் தெரியாமல் இட்டார்களா? இல்லை. துன்பம் கலவாத மகிழ்ச்சி ஒன்று இவ்வுலகில் இருக்கிறது என்று திருச்சபை நம்மிடம் ஒருநாளும் சொல்லவில்லை. துன்பத்தின் நடுவிலும் இறைவன் வருகிறார் என்று மட்டுமே சொல்கிறது. 1975-ஆம் புனித ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றியே ஒரு திருத்தூது அறிவுரை மடல் எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் நற்செய்தியின் மகிழ்ச்சி என்ற பொருளில் எழுதினார். புனித பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு மகிழ்ச்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியது சிறையிலிருந்தே. சுவரில் மாட்டிய அறிவுரைக்குச் சொந்தக்காரர் கவலையில்லாதவர் அல்லர் என்பதை, அந்தச் சுவருக்கு எதிரே அமர்ந்திருக்கும் சிறுமிக்கு யாராவது சொல்லவேண்டும்.

2004-ஆம் ஆண்டை மறக்கலாமா?

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தவிர்க்காமல் கேட்டாகவேண்டும். 2004-ஆம் ஆண்டு காவிரிப் படுகை இருமுறை இடிந்து போயிற்று. ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் கருகி மாண்டனர். டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் பலர், அன்னையைத் தரிசிக்க வந்தவர்கள், அலையோடு போயினர்.

கடலில் புயலுக்குத் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் நன்றியாக எழுப்பிய ஆலயம் அது என்பது நம் மரபு. 1962-இல் பசிலிக்கா என்னும் பெருமை பெற்ற ஆலயம் அது. ஆழிப்பேரலை நாளில் ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள் என்று நன்றியோடு பேசிக்கொள்கிறோம். நன்றி சொல்வது முறைதான். ஆனால் கடற்கரையில் கணவனையும் குழந்தைகளையும் பறிகொடுத்த ஒரு பெண்ணின் காதில் அந்த நன்றி எப்படி விழும்? "அவர்களைக் காத்த மாதா என் பிள்ளையை ஏன் காக்கவில்லை?" என்று அவள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். நாம் தப்பினோம் என்பதன்மேல் நம் மகிழ்ச்சியைக் கட்டக்கூடாது. அது மணல்மேல் கட்டிய வீடு. இன்று தப்பியவருக்கு நாளை வேறொரு அலை வரும். தப்பியதை விசுவாசத்தின் பரிசு என்று சொன்னால், தப்பாதவர்களின் விசுவாசத்தை நாம் பழித்தவர்கள் ஆவோம். சிலுவை அடியில் நின்ற அன்னையின் மகனே தப்பவில்லையே! ஆகையால் வேளாங்கண்ணி மாதா அலைகளைத் தடுப்பவள் என்பதைவிட, பிள்ளையை இழந்த தாயோடு கடற்கரையில் நின்று அழுபவள் என்று சொல்வதே எனக்கு உண்மையாகப் படுகிறது. அப்படிச் சொன்னால் அந்தப் பெண்ணும் நம் பக்கத்தில் முழந்தாளிட முடியும்.

அந்த நாள்களில் மகிழ்ச்சி எங்கே விதைக்கப்பட்டது? ஆலய வளாகங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தர்காவிலும் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அடுப்புகள் மூட்டப்பட்டன. யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாமல் சோறு வடித்தார்கள். யாருடைய பிள்ளை என்று அறியாமலே அடக்கம் செய்தார்கள். உறவினர் அற்ற குழந்தைகளைத் தூக்கி அணைத்தார்கள். கன்னியரும் குருக்களும் அண்டை அயலாரும் உறக்கமின்றி உழைத்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அவர்கள் அன்று தூவியது விதைநெல். வேதநாயகர் ஊற்றிய கஞ்சியின் தொடர்ச்சியே அது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியம் பக்கம் கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. தென்னம்பிள்ளை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தும், சாய்ந்த மரங்களை அகற்றிவிட்டுப் புதுக் கன்றுகளை நட்ட முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காயைத் தாங்கள் வெட்டமாட்டோம், பேரப்பிள்ளைகளே வெட்டுவார்கள் என்று அறிந்தே நட்டார்கள். இதைவிட நல்ல மறையுரை வேறென்ன?

ஒரு மறுப்புக்கு விடை

"துன்பத்திலும் மகிழ்ந்திருங்கள் என்று சொல்வது ஏழையை அடக்கி வைக்கும் தந்திரம், தண்ணீர் கேட்கவேண்டியவன் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான்" என்று சிலர் சொல்வதுண்டு. இதில் சிறிது நியாயம் இருக்கிறது. கடைமடையில் நாற்று கருகும்போது உழவனிடம் போய், "மகிழ்ச்சியாயிரு" என்று மட்டும் சொல்பவன் கிறிஸ்தவனும் அல்லன், மனிதனும் அல்லன். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா, வாய்க்கால் தூர்வாரப்பட்டதா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லி நெல்லைத் திருப்பினார்களா என்பவை எல்லாம் கேட்டாகவேண்டிய கேள்விகள்.

ஆனால் மனம் நொறுங்கியவனால் இவற்றைக் கேட்க முடியாது. நம்பிக்கை இழந்தவன் மனு எழுதமாட்டான்; ஊரைக் கூட்டமாட்டான். வேதநாயகர் நீதிமன்றத்தில் நீதி வழங்கினார், கைக்கூலியைக் கண்டித்தார், பெண் கல்விக்கு வாதாடினார், பாட்டும் பாடினார். அவருக்குப் பாட்டு நீதியை மறக்கச் செய்யும் மயக்க மருந்தாக இருக்கவில்லை. நீதிக்காக எழுந்து நிற்கும் வலிமையாக இருந்தது. உள்ளத்தில் மகிழ்ச்சியின் விதை இருப்பவனே உரிமையைக் கேட்கத் துணிவான்.

நாம் செய்யவேண்டியவை

அன்பு மாணவியரே, முதலில் உங்களுக்கு. வீட்டில் துன்பம் இருந்தால் அதை இறைவனிடம் மறைக்காதீர்கள். அழகான சொற்களால் செபிக்கவேண்டுமென்பதில்லை. "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதும் செபம்தான். நம்பக்கூடிய ஆசிரியை ஒருவரிடமோ சகோதரி ஒருவரிடமோ மனம் திறந்து பேசுங்கள். அழுத பிறகு எழுந்து, உங்களைவிடக் கஷ்டப்படும் ஒருத்தியைத் தேடுங்கள். அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். மதிய உணவில் பங்கு கொடுங்கள். பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள், அதுவும் போதும். அன்னை மரியா தன் புகழ்ப்பாடலைப் பாடியது எலிசபெத்தம்மாளின் வீட்டில்தான் என்பதை மறவாதீர்கள். தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்று உயிரையே வெறுக்கும் செய்திகளை நாளிதழில் படிக்கும்போது நெஞ்சம் பதறுகிறது. ஒரு போகம் பொய்த்துப் போனதற்காக எந்த உழவரும் வயலைக் கடலில் எறிந்துவிடுவதில்லை. மறுபடியும் நாற்று விடுகிறார்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகள் அழும்போது, "அழாதே, வாயை மூடு" என்று சொல்லாதீர்கள். குடும்பத்தின் கஷ்டத்தை அவர்கள் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள். மறைத்தாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரியாததுபோல் நடிக்கும் சுமையும் சேர்ந்துகொள்ளும். கையில் காசு இல்லாத ஆண்டிலும் பொங்கலையும் கிறிஸ்து பிறப்பு விழாவையும் சிறிதாகவேனும் கொண்டாடுங்கள். புத்தாடை இல்லாமல் போகலாம். ஒரு கொழுக்கட்டையும், குடும்பமாகச் சேர்ந்து சொல்லும் செபமாலையும், பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு கிண்ணம் பாயசமும் போதும். அந்த நாளைப் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார்கள். அதுவே நீங்கள் அவர்களுக்குச் சேர்த்து வைக்கும் விதைநெல்.

மதிப்பிற்குரிய சகோதரிகளே, உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. காலைச் செபத்தில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வகுப்பில் அன்று வாடியிருக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த முகத்துக்குப் பொருந்தாத மகிழ்ச்சி நற்செய்தி ஆகாது. அந்த முகம் நிமிருமானால் அன்றைய பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.

பழைய ஏற்பாட்டில் அபக்கூக்கு என்ற இறைவாக்கினர் இருக்கிறார். வயல் விளையாமல் போனாலும், கொட்டிலில் மாடு இல்லாமல் போனாலும், நான் ஆண்டவரில் களிகூர்வேன் என்ற பொருள்பட அவர் பாடியிருக்கிறார். தஞ்சைத் தரணியில் யாராவது மொழிபெயர்க்காமலே விளங்கிக்கொள்ளக்கூடிய பாட்டு அது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது, நம் வயல்கள் அவர் பாடியபடியே வெடித்துக் கிடந்தன. பிறகு மழையும் வந்தது, ஆற்றில் தண்ணீரும் வந்தது, நாற்றும் எழுந்தது. மறுபடியும் வறட்சி வரலாம், வெள்ளம் வரலாம். வரும்போது நம் குதிரில் விதை இருக்கவேண்டும்.

ஆகவே மகிழ்ச்சியை அறுவடைக்குப் பின் வரும் விருந்து என்று காத்திராமல், இன்றே தூவவேண்டிய விதை என்று கொள்வோம். கண்ணீர் வந்தால் வரட்டும். அது சேற்றுக்கு ஈரம் சேர்க்கும். அழுதாலும் விதைப்பதை நிறுத்தாத உள்ளத்தை, ஆரோக்கிய அன்னையின் வேண்டுதலால், இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!